கஸ்மலத்தில் ஒரு குறில்

1931 ஜூலை 11, சனிக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். இரண்டு இட்லி. ராயபுரம் வீட்டிலிருந்து கப்பல் கம்பெனி ஆபீசுக்கு நடை, இருபத்திரண்டு நிமிஷம். ஒரு மணிக்கு ஆபீஸ் விட்டது. இதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. மாலையில் நான் செய்தது மட்டும் இல்லை.

அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. மொழிநூல் பைத்தியம் முற்றியிருந்தது. யார் எது பேசினாலும் பொருளை விட்டுவிட்டு வேரைத் தேடுவேன். (வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, ‘காலி’ அரபுச் சொல் என்று அவருக்கு விளக்கினேன்.) அந்த நிலையில்தான் ஓர் இங்கிலீஷ் சோக நாடகத்தை மொழிபெயர்த்து, எங்கள் பேட்டை நாடக சபாவுக்குக் கொடுத்தேன்.

ராணி வேஷம் ஏழுமலைக்கு. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். சபாவில் ஆறு வருஷம் திரை இழுத்தவர். இதுதான் முதல் வேஷம். செக்ரட்டரி அரை மனதோடுதான் சம்மதித்தார். “மேடையில் கொச்சையாக ஒரு வார்த்தை வரட்டும், அன்றோடு வேஷம் கிடையாது” என்றார்.

துயரத்தில் துவண்ட ராஜாவிடம் ராணி பேசும் இடத்தில், மனச்சோர்வுக்கு அகராதியிலிருந்து ஒரு சம்ஸ்கிருதச் சொல்லைப் பிடித்துப் போட்டிருந்தேன்: “அரசே! இந்தக் கஸ்மலம் தங்களிடம் எங்கிருந்து வந்து சேர்ந்தது?”

ஒத்திகையில் ஏழுமலை நின்றுவிட்டார். “வாத்யாரே, இத்த மட்டும் எட்த்துடு. எங்க பேட்டையில கஸ்மாலம்னா திட்டு. அழுக்குப் பய, உதவாக்கரை, அல்லாம் அதுல கீது.”

“அது கஸ்மாலம், நெடில். இது கஸ்மலம், குறில். கெட்டுப்போன சொல்லைக் குளிப்பாட்டி மேடையேற்றுகிறோம்.”

“நீ குளிப்பாட்டினது ஒனக்குத் தெரியும். டிக்கெட்டு வாங்கினவனுக்கு இன்னா தெரியும்?”

நான் கேட்கவில்லை. மூன்று வாரம் அந்தக் குறிலையே பயிற்றுவித்தேன். சத்தம் எழுந்தால் வசனத்தைத் திரும்பச் சொல்லவும் கற்றுக்கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஆறரைக்கு, மேடையில் ராணி அந்த வசனத்தைத் தெளிவாகச் சொன்னார். குறில் அப்பழுக்கில்லாமல் வந்தது. ஆனால் ராஜாவின் தோளருகே மந்திரி நின்றார். மந்திரி வேஷம் செக்ரட்டரிக்கு.

 தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்: “மந்திரியத்தான்பா சொல்லுது!”

“கரீட்டா சொன்ன ராணிம்மா! இன்னொரு தபா சொல்லு!”

சத்தம் எழுந்துவிட்டதே. கற்றுக்கொடுத்தபடி ராணி திரும்பச் சொன்னார், மந்திரி பக்கம் கைகாட்டி. (ராஜாவை நோக்கிக் கைகாட்டச் சொன்னதும் என் பயிற்சிதான்.) விசிலில் கொட்டகை அதிர்ந்தது. ராஜாவே சிரித்துவிட்டார். சோக நாடகம் அங்கேயே செத்தது.

திரை விழுந்ததும் செக்ரட்டரி ஏழுமலையின் முடியைப் பிடுங்கினார். நல்லவேளை, டோப்பா. “புத்தியைக் காட்டிட்டே இல்லே? இனி சபா பக்கம் வராதே!”

“வாத்யார் எழுதினதத்தான் சொன்னேன்” என்று ஏழுமலை என்னைப் பார்த்தார்.

பிரதி என் கையில் இருந்தது. அந்தப் பக்கம் எது என்றும் எனக்குத் தெரியும். “பார்க்கணும்” என்று சொல்லி, வேறு பக்கங்களைப் புரட்டிக்கொண்டு நின்றேன். ஏழுமலை சேலையை அவிழ்த்து, ஒழுங்காக மடித்து வைத்துவிட்டுப் போனார்.

நாட்குறிப்பில், ‘நாடகம் நடந்தது. லேசான தூறல்’ என்று எழுதினேன்.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது சோர்ந்து உட்கார்ந்தால், “இந்தக் கஸ்மலம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த கதை விசிலோடு முடிகிறது. நான் பக்கம் புரட்டியதை அவர்களுக்குச் சொன்னதில்லை.

நாடகத்துக்கு மறுநாள் காலை, கடிகாரத்தைக்கூடத் தொடாமல், பிரதியோடு கல்மண்டபத்தில் இருந்த ஏழுமலை வீட்டுக்கு ஓடினேன். ஏழுமலை பல் துலக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

“என்னாண்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே” என்று வாய் கொப்பளித்தார்.

இருவரும் செக்ரட்டரி வீட்டுக்குப் போனோம். எழுதியவன் நான், வேண்டாமென்றவர் இவர் என்று ஒப்புக்கொண்டேன்.  செக்ரட்டரி ஏழுமலைக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

“படி வாத்யாரே, மொதல்லேர்ந்து. வேற எது எது எங்க பேட்டையில திட்டுன்னு நான் சொல்றேன்” என்றார் ஏழுமலை.

நின்றபடியே முதல் வரியைப் படித்தேன்.

“நிறுத்து” என்றார் ஏழுமலை.