பறந்தாச்சா அண்ணாச்சி ஒப்புக்கொண்ட விமான நிலையம்

விமான நிலையங்களைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் தகுதியுள்ள ஒரே மனிதர் தென்காசியில் வேன் ஓட்டுகிறார். அவர் விமானத்தில் ஏறியதில்லை. ஏறியவர்களுக்கு விமான நிலையத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவர்கள்தான் உள்ளே போய்விடுகிறார்களே என்பது அவருடைய கட்சி.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். லைசென்ஸை வாங்கிப் பார்த்த போலீஸ்காரர்களுக்கு அது தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் பறந்தாச்சா அண்ணாச்சி. ஆளை இறக்கிவிட்டு வேனை ஓரம் கட்டியதும், ‘பறந்தாச்சா?’ என்று கேட்க ஆரம்பிப்பார். விமானம் கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இப்போதெல்லாம் உலகத்தின் சிறந்த விமான நிலையம் எது, மோசமானது எது என்று போனில் பட்டியல் வருகிறது. ஒருநாள் அதைத் திறந்து அவரிடம் காட்டினேன். ஏதோ ஒரு நாட்டில் விமான நிலையத்துக்குள்ளேயே அருவி விழுந்தது. சுற்றிலும் செடி கொடி, விளக்கு. அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“குளிக்க விடுவானாலே?”

“இல்ல அண்ணாச்சி. பாக்கத்தான்.”

“அப்ப அது அருவி இல்ல. ஒழுகுது.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவரை இந்த விஷயத்தில் ஏமாற்ற முடியாது.

அவருக்குத் தெரிந்த விமான நிலையங்கள் மூன்று. பெயர் சொல்லமாட்டார். மேக்க, வடக்க, கிழக்க. தெற்கே கடல் இருப்பதால் அந்தப் பக்கம் யாரும் கட்டவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றுக்கும் அவர் மதிப்பெண் போட்டு வைத்திருந்தார். கிழக்கே இருப்பது ரொம்பப் பக்கம். அழுது முடிப்பதற்குள் வந்துவிடுகிறது, பாதி அழுகையோடு உள்ளே போவது உடம்புக்கு ஆகாது என்பார். வடக்கே போனால் அகலமான சாலை. குலுக்கல் இல்லை, வளைவு இல்லை. அழுகைக்கு இடைவேளையே கிடைக்காமல் கண் வீங்கிப் போய் இறங்க வேண்டியிருக்கும்.

மேற்குதான் உத்தமம். செங்கோட்டை தாண்டிப் புளியறை வரைக்கும் அழலாம். செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் வண்டி நிற்கும்போது ஒருமுறை மூக்கைச் சிந்திக்கொள்ளலாம். அப்புறம் மலை. இரண்டாவது வளைவிலேயே அம்மாக்கள் அழுகையை விட்டுவிட்டு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். வாந்தி வரும் நேரத்தில் யாருக்கும் பிரிவு ஞாபகம் வருவதில்லை.

“அதோட அங்கன வாசல் நல்லாருக்கு” என்று கடைசியில் சேர்த்துக்கொள்வார்.

வாசலில் என்ன நல்லது என்று கேட்டால் விளக்கமாட்டார். அவர் வாஸ்து பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அச்சன்புதூரில் ஒருவர் வீடு கட்டும்போது அவரைக் கூப்பிட்டு வாசல் எங்கே வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார். அண்ணாச்சி போய்ப் பார்த்துவிட்டு, ‘வெளிய வந்தா ஒக்கார ஒரு இடம் வேணும்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் வெளிநாடு போகிறான் என்றால் வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் போவார்கள். தாய்மாமன், சித்தி, சித்தியின் நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர், அவருக்கு அங்கே ஒரு ஜோலி. போகிறவனுக்கு ஜன்னலோரச் சீட். அவன் விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் கண்ணாடி வழியாகக் கை காட்டுவார்கள். அவன் மறைந்ததும் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். உலக வழக்கம் இதுதான்.

அண்ணாச்சியின் வேனில் அது நடக்காது. விமானம் மேலே ஏறியது உறுதியாகத் தெரியாமல் சாவியைத் திருகமாட்டார். காத்திருப்பதற்குத் தனியாகக் காசு கேட்கவும் மாட்டார், அதனால் சண்டை போடவும் வழி இல்லை. இது முதல் சட்டம். இரண்டாவது சட்டம் இன்னும் மோசம். போனவனுடைய சீட்டில் அதுவரை யாரும் உட்காரக் கூடாது. பை வைக்கக் கூடாது. குழந்தையைப் படுக்கப் போடக் கூடாது.

“அது அவன் சீட்டு. இன்னும் பறக்கல” என்பார்.

வடகரையில் வயல், தோப்பு என்று வசதியான ஒரு குடும்பம் இந்த இரண்டு சட்டங்களிலும் மாட்டிக்கொண்டது. மகனை அனுப்பிவிட்டுத் திரும்பும் வழியில் புளியறையில் ஒரு நிச்சயதார்த்தம். சீர்த்தட்டுகளை வேனிலேயே ஏற்றி வந்திருந்தார்கள். மழையில் விமானம் தாமதமாகிவிட்டது. குடும்பத் தலைவர் முதலில் கேட்டார், பிறகு அதட்டினார், பிறகு தன் சம்பந்தி போலீஸில் எந்தப் பதவியில் இருக்கிறார் என்பதைச் சொன்னார். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் ‘பறக்கட்டும்’ என்றார். பசி வந்தது. ஆப்பிள் தட்டு முதலில் காலியானது. பிறகு வாழைப்பழத் தட்டு. சாயங்காலம் லட்டைப் பற்றி விவாதம் நடந்து, குழந்தைகளுக்கு மட்டும் என்று முடிவானது. அன்று அந்த வேனில் நாற்பது வயதுக் குழந்தைகளும் இருந்தார்கள். நிச்சயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தட்டில் தேங்காய் மட்டும் இருந்தது. உடைக்க ஏதும் கிடைக்காததால் அது தப்பித்தது.

கல்யாணம் நடந்தது. ஆனால் அந்தக் குடும்பம் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. வேறு சிலரும் விட்டார்கள். காரணம் பழம் அல்ல, அந்தக் காலிச் சீட். போன பிள்ளை திரும்பி வருவான் என்று இடம் பிடித்து வைப்பது நல்ல சகுனமா? ஒரு ஆச்சி அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: “நல்ல காரியத்துக்குப் போற இடத்துல ஏம்யா இப்படிக் கரிநாக்கு வைக்கே?” அண்ணாச்சி துணியை எடுத்து அந்தச் சீட்டைத் துடைத்தார். 

என் முறை வந்தது. நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். புளியறையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் வெங்காயம் வெட்டினேன். சீசனில் குற்றாலத்து லாட்ஜுகளில் வாளி தூக்கினேன். சீசன் முடிந்தால் வடகரையில் தேங்காய் லோடு. எதிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. எனக்கு வெளிநாட்டில் சமையல்கட்டு வேலை என்று ஒரு ஏஜெண்ட் சொன்னதும், இவன் ஓரிடத்தில் தங்க வேண்டுமென்றால் நடுவில் கடல் இருக்க வேண்டும் என்று வீட்டில் நம்பினார்கள். அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அதிரசம் கொடுத்தாள். தெருவே அதிரசம் தின்ற பிறகு போகாமல் இருக்க முடியாது.

மேற்கேதான் போனோம். வாசலில் என் போனில் இருந்த சிம்மைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன், அங்கே போய்ப் புதிது போட்டுக்கொள்ளலாம் என்று. அத்தான் போலீஸ்காரர். சாயங்காலம் டூட்டி. அண்ணாச்சியின் சட்டம் தெரிந்திருந்ததால் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போக அவர் முன்பே முடிவு செய்திருந்தார். அண்ணாச்சியையும் ஊருக்குத் திரும்பச் சொன்னார்.

“நீங்க போங்க. வண்டி நிக்கும்” என்றார் அண்ணாச்சி.

“யாருக்குவே நிக்குது? ஆளுதான் உள்ள போயாச்சுல்லா.”

“நிக்கும்.”

இது நடந்தபோது நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் அக்கா சொல்லித்தான் தெரியும்.

உள்ளே பெட்டியைப் போட்டேன். அடுத்த வரிசையில் ஒரு அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். எத்தனாவது படித்திருக்கிறாய் என்றார். சொன்னேன். பத்து முடிக்காதவன் அந்த நாட்டுக்கு வேலைக்குப் போவதென்றால் அரசாங்கத்தில் தனியாக ஒரு அனுமதி வாங்க வேண்டுமாம். அது என்னிடம் இல்லை. ஏஜெண்ட் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதிகாரி தன் மேசையிலிருந்தே அவனுக்குப் போன் போட்டுப் பார்த்தார். அணைத்து வைத்திருந்தான். அவர் கோபப்படவில்லை. எனக்கு முன்னாலும் என் மாதிரி ஆட்களைப் பார்த்திருப்பார். பெட்டியைத் திரும்ப எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு காவலர் கூடவே வந்து வெளியே விட்டார்.

வெயிலாக இருந்தது. சுற்றிலும் ஆட்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் மட்டும் எதிர்த் திசையில் பெட்டியை உருட்டினேன். கூப்பிடப் போனில் சிம் இல்லை. ஊருக்குப் போனால் அம்மா கேட்பாள், அக்கா கேட்பாள், அதிரசம் தின்ற தெரு கேட்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஏதாவது ஊருக்கு பஸ் ஏறிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அது எனக்குப் பழக்கமான வேலைதான்.

கொஞ்ச தூரத்தில் வேன் நின்றது. அண்ணாச்சி படிக்கட்டில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். ஜன்னலோரச் சீட் காலியாக இருந்தது.

“ஏறு.”

ஏறினேன். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. தென்மலை வந்தது. அப்புறம் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: “மேக்க பாத்தியா, உள்ள போற வாசலும் வெளிய வாற வாசலும் கிட்ட கிட்ட இருக்கு. திரும்பி வாறவன் ரொம்ப நடக்கண்டாம். வண்டி கண்ணுல பட்டுரும். அதான் நல்ல ஏர்போட்டுன்னு சொல்லுதேன்.”

“வடக்க?”

“வடக்க நானும் ஒருக்கா உள்ள போயி வெளிய வந்தேன். வண்டி போயிட்டு.”

இளவயதில் அவரும் வேலைக்குக் கிளம்பியவர்தான். விசா பொய். வெளியே வந்தபோது வழியனுப்ப வந்த கூட்டம் டீ குடித்துவிட்டுப் போயிருந்தது. ஊருக்குப் போக முகம் இல்லாமல் அங்கேயே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் தட்டு கழுவியிருக்கிறார். வீட்டில் அவர் வெளிநாட்டில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சில மாதம் கழித்து அந்த ஊர்க் கடையில் பிஸ்கட் டப்பா வாங்கிக்கொண்டு, லீவில் வந்ததாகச் சொல்லி வீட்டுக்குப் போயிருக்கிறார்.

“எல்லாரும் பாரின் பிஸ்கட்டுன்னு தின்னாவ. ருசியா இருக்குன்னாவ” என்றார்.

செங்கோட்டை வந்ததும் வண்டி தென்காசி ரோட்டில் போகவில்லை, குற்றாலத்துக்குத் திரும்பியது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவியில் நிறுத்தி என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். புதுப் பேண்ட்டோடு அருவிக்குள் போகச் சொன்னார். அருவியில் நிற்கிறவர்கள் எல்லோரும் கத்துவார்கள். நானும் கத்தினேன். ரொம்ப நேரம் கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் அம்மா என்னைக் கண்டதும் வாயைத் திறந்தாள். அவள் கண் என் தலைக்குப் போனது.

அண்ணாச்சி முந்திக்கொண்டார். “இன்னைக்குப் பறக்கல. ஒரு தாளு பாக்கி இருக்காம். வாங்கிட்டுப் போலாம். வாற வழியில குத்தாலத்துல குளிச்சோம்.”

“சாரல்ல யாராவது இத்தன நேரம் குளிப்பாவளா? தல சொட்டச் சொட்ட வந்து நிக்கான். சளி புடிச்சா யாரு பாக்கது?” என்று அம்மா துண்டைத் தேடிப் போனாள். ஏசினாள், நன்றாகவே ஏசினாள். எல்லாம் ஈரத் தலையைப் பற்றி. தெருவும் அதைத்தான் கேட்டது. அருவியில் தண்ணீர் எப்படி என்று விசாரித்தார்கள். நல்ல தண்ணீர் என்றேன்.

வேறு ஒரு ஆளைப் பிடித்து அந்த அனுமதியை வாங்க மாதங்கள் ஆயின. அதுவரை பழையபடி வெங்காயம். பிறகு அதே வேனில், அதே வாசலில் இறங்கினேன். அம்மாவும் அக்காவும் இந்தத் தடவை கடைசி வரைக்கும் இருந்தார்கள். அத்தான் லீவு போட்டிருந்தார்.

அதற்கப்புறம் பல விமான நிலையங்களில் படுத்திருக்கிறேன். கம்பளம் விரித்தது, கல் தரை, ஏசி எலும்பைக் குத்துவது, செருப்பைத் தலைக்கு வைத்தால் எழுப்பிவிடுவது. அந்த அருவி விமான நிலையத்திலும் ஒருமுறை இறங்கினேன். நின்று பார்த்தேன். ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

போன தடவை லீவு முடிந்து கிளம்பியபோது மழையில் விமானம் வெகுநேரம் தாமதம். உள்ளேயிருந்து கூப்பிட்டு, வயசான காலத்தில் ஏன் காத்துக் கிடக்கிறீர்கள், வீட்டுக்குப் போங்கள் என்றேன். மழையில் வைப்பர் சரியில்லை, நின்ற பிறகு போகிறேன் என்றார். வைப்பர் நன்றாகத்தான் இருந்தது. காலையில் நான்தான் துடைத்தேன்.

விமானம் மாறுகிற ஊரில் இறங்கிப் போனைத் திறந்தேன். வழக்கம்போல அவர் குரல் பதிவாகி வந்திருந்தது. பின்னால் எஞ்சின் ஓடும் சத்தம்.

“ஏலே, பறந்துட்டே. பாத்தேன். ஒன் சீட்டுல இப்ப வாழத்தாரு ஏத்தியிருக்கேன்.”

எந்த ஊர் விமான நிலையமானாலும் சரி, இதைக் கேட்ட பிறகுதான் நான் தோளிலிருந்து பையை இறக்கி வைக்கிறேன்.