கவிதா பிடித்தாள், நான் விட்டேன்

நல்லவர்கள் மேல் வருகிற பொறாமைதான் இருப்பதிலேயே கஷ்டமானது. குறை சொல்ல ஒன்றும் சிக்காது. அமெரிக்காவில், பார்சிப்பனி ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக் கவிதா அந்த ரகம். ஆபீசில் மேனேஜர், சுடுகிற இட்லி பஞ்சு, போதாக்குறைக்கு சனிக்கிழமைகளில் ஓடையைக் காப்பாற்றுவாள்.

வடக்கே மலைக்காட்டில் இருக்கிறது அந்த ஓடை. அதன் சொந்த மீன் புரூக் ட்ரவுட். குளிர்ந்த, நிழலான தண்ணீரில்தான் பிழைக்கும். யாரோ எப்போதோ வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பிரவுன் ட்ரவுட், அதன் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொண்டது. கவிதாவின் குழு கரையில் மரம் நட்டு, பிரவுனைப் பிடித்து அப்புறப்படுத்தி, புரூக்கைப் பெருக்கப் பாடுபட்டது.

"கவிதா ஆன்ட்டி இஸ் ஸோ கூல்!" என்று என் பன்னிரண்டு வயது மகள் நிலா தினமும் சாப்பிடும்போது ஆரம்பிப்பாள். (சுமந்து பெற்றவள் நான். எனக்கு ஒரு 'கூல்' கிடையாது.)

ஒரு சனிக்கிழமை நானும் நிலாவோடு கிளம்பிவிட்டேன்.

"வாங்க அக்கா, ஆள் பத்தாம தவிக்கிறோம்" என்றாள் கவிதா. (அக்காவாம்! இரண்டே வயதுதான் வித்தியாசம்.)

நெஞ்சுவரை வரும் ரப்பர் உடை கொடுத்தார்கள். அதில் கவிதா விளம்பர மாடல் மாதிரி இருந்தாள். நான் வாய் கட்டிய குப்பைப் பை மாதிரி இருந்தேன்.

மீன்துறை அதிகாரி தண்ணீரில் லேசாக மின்சாரம் பாய்ச்ச, மயங்கிய மீன்களைக் கவிதா வலையில் அள்ளினாள். கரையில் இரண்டு பக்கெட்டுகளுக்கு நான் காவல். நீலத்தில் இருக்கும் புரூக்கைத் திரும்ப ஓடையில் விட வேண்டும். வெள்ளையில் இருக்கும் பிரவுனை அருவிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து அதனால் மேலே ஏறி வர முடியாது. இதைக் கவிதா இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை சொன்னதில் வந்த கோபத்தில் முதல் தடவை சொன்னதும் மறந்துபோனது.

காலை முழுக்க நிலாவின் போன் கவிதாவையே படமெடுத்தது. எனக்குத் தாங்கவில்லை.

"நிலா, இங்க பாரு! அம்மாவை எடு!" என்று கத்தி, கையில் கிடைத்த பக்கெட்டைத் தூக்கினேன். "போங்கடா ராஜாங்களா, உங்க சொந்த வீட்டுக்கு!" என்று கவிழ்த்தேன். பதினோரு மீன்கள் துள்ளிப் பாய்ந்து மறைந்தன.

யாரும் கைதட்டவில்லை.

"அக்கா," என்றாள் கவிதா மெதுவாக, "அது வெள்ளை பக்கெட்."

அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றையாவது பிடித்து மானத்தைக் காப்பாற்றலாம் என்று வலையோடு குதித்தேன். பாசி வழுக்கியது. ரப்பர் உடைக்குள் ஓடை புகுந்தது. அவரும் கவிதாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னைக் கரைக்கு இழுத்தார்கள். அன்று பிடிபட்டதிலேயே பெரிய உருப்படி நான்தான்.

"பரவாயில்லக்கா, மறுபடி பிடிச்சிடலாம்" என்றாள் கவிதா. திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்த வீடியோவை டெலிட் பண்ணு" என்றேன் நிலாவிடம்.

"நோ வே, அம்மா."

அந்த இடத்தில் அவர்கள் மறுபடி மறுபடி வலை போட வேண்டியதாயிற்று. அங்கே பிரவுன் மாட்டும்போதெல்லாம் கவிதா எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடுவாள்: "அக்கா, உங்க பையன் ஒருத்தன் கிடைச்சுட்டான்." என் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, "முறைக்கிறதைப் பார்த்தா உன் ஜாடைதான்" என்பார்.

இதுவரை ஒன்பது பையன்கள் கிடைத்துவிட்டார்கள். மீதி இரண்டு பேரை நான்தான் எங்கேயோ ஒளித்து வைத்திருப்பதுபோல வீட்டில் இன்னமும் விசாரணை நடக்கிறது.