கோட்டுக்கு முன்னால் என் கிரீஸ், பின்னால் உங்கள் பிரேக்

புதன்கிழமை, பிற்பகல்

மரியாதைக்குரிய சகலை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அக்காள் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நான், என் மனைவி, என் முழங்கால் வலி மூவரும் நலம். இரண்டு தெரு தள்ளி நீங்களும் நலமாக இருப்பதை உங்கள் ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டதால், அதை விசாரித்து ஒரு வரியை வீணாக்கவில்லை. ஐந்து மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்குக் கடிதம்தான் முறை. முப்பத்தொரு வருடம் தபால் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் என்பதால் இரண்டு தெருவுக்கும் முழுத் தபால்தலையே ஒட்டி, இன்றே சேரவேண்டும் என்பதால் நானே உங்கள் கதவிடுக்கில் போடப்போகிறேன்.

விஷயம், நம் வீட்டுப் பெண்கள் நடத்தும் செடிக் கடைக்காக நாம் சேர்ந்து வாங்கிய டிரெய்லர் பற்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சகலை, உங்க கிரீஸ் என் பிரேக் கட்டைக்குள்ள இருக்கு" என்றீர்கள். "அது என்ன, நடந்தா வந்துச்சு?" என்றேன் நான். நியாயமாக நீங்கள் சிரித்திருக்க வேண்டும். நீங்களோ உள்ளே போய் அளவு நாடாவை எடுத்து வந்தீர்கள். காலமெல்லாம் அடுத்தவர் நிலத்துக்கு எல்லைக்கல் நட்ட சர்வேயர் அல்லவா, டிரெய்லரின் இழுகம்பியை அளந்து, சரிபாதியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டீர்கள். கோட்டுக்கு முன்னால் கொக்கியும் கிரீஸும் என் பொறுப்பு, பின்னால் சக்கரமும் பிரேக்கும் உங்கள் பொறுப்பு, கோட்டைத் தாண்டுகிறவர் வருடம் முழுக்க எல்லா வேலையையும் தனியாகச் செய்ய வேண்டும் என்று நானும் ஒப்பந்தம் எழுதினேன், இரண்டு பிரதி. பெண்கள் இருவரும் செடி மண் கையோடு, படிக்காமலே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்றிலிருந்து அந்தக் கொக்கிக்கு நான் செய்த பணிவிடையைப் பெற்ற பிள்ளைக்குச் செய்திருந்தால் அவன் வாரம் ஒருமுறையாவது போன் பண்ணியிருப்பான். ஞாயிறுதோறும் பழைய கிரீஸை வழித்து, மண் துடைத்து, காருக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டுக்குப் புதிதாகத் தடவி, கொக்கியின் துளைகளில் கிரீஸ் கன்னை வைத்து அழுக்கு கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அழுத்தி, அப்படியே போய்க் களைப்பில் சோபாவில் உட்கார்ந்து உட்கார்ந்து, அதில் இப்போது என் உருவம் நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது. திங்கள்கிழமைகளில் நான் நூலகம் போன பிறகு நீங்கள் வந்து சக்கரத்தைக் கழற்றித் தூசி தட்டி, பிரேக்கைச் சரிசெய்துவிட்டுப் போவதும் எனக்குத் தெரியும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியவில்லை, எரிச்சலே அதுதான்.

இப்படி இருக்க, போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை வழக்கமான சமதரைச் சாலையை மூடிவிட்டதால், நாற்பது ரோஜாத் தொட்டிகளோடும் இரண்டு சகோதரிகளோடும் மேட்டு வழியாகச் சந்தைக்குப் போனேன். இறக்கத்தில் சிக்னல் சிவப்பானது, பிரேக் போட்டேன், கார் நின்றது, டிரெய்லர் நிற்கவில்லை. பின்னாலிருந்து யாரோ விசேஷ வீட்டுக்கு அவசரமாகப் போகிறவர் மாதிரி எங்களைத் தள்ளிக்கொண்டே போய், முன்னால் நின்ற டிரைவிங் ஸ்கூல் காருக்கு ஒரு முழம் பின்னால் விட்டது. அதிலிருந்த வாத்தியார் இறங்கி வந்து, தன் மாணவியைக் கூப்பிட்டு என்னைக் காட்டி, "நல்லா பாத்துக்கோம்மா, இப்படி ஓட்டக்கூடாது" என்றார். பதினொரு தொட்டி உடைந்தது. பிரேக்குக்குச் சான்றிதழ் வாங்காமல் இனிச் சந்தைப் பக்கம் வரக்கூடாது என்று சிக்னலில் நின்ற போலீஸ்காரர் சொல்லிவிட்டார்.

சோதனை நிலையத்தில் ஒரு மெக்கானிக் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தார். கொக்கி பிரமாதம் என்றார், நான் நிமிர்ந்தேன். பிரேக்கும் பிரமாதம் என்றார், நான் குனிந்தேன். பிறகு, "யாருங்க இந்த மூட்டுக்குப் பெயின்ட் அடிச்சது?" என்று கேட்டார். கார் நின்றதும் டிரெய்லர் முன்னால் வந்து கொக்கியை அழுத்துமாம், அந்த அழுத்தம் ஒரு கம்பி வழியாகப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்குமாம். அந்தக் கம்பியின் மூட்டு சரியாக நம் கோட்டுக்கு அடியில் இருக்கிறது. பெயின்ட் உள்ளே இறங்கிக் காய்ந்து, மூட்டு அசையாமல் ஒட்டிப்போய்விட்டது. "அது எல்லைங்க" என்றேன். அவர் படுத்தபடியே படிவத்தில் 'தேறவில்லை' என்று எழுதினார்.

போன சனிக்கிழமை சந்தையில் நம் இடம் காலி. இந்தச் சனிக்கிழமையும் காலியானால் அதைப் பிளாஸ்டிக் பூ விற்பவருக்குக் கொடுத்துவிடுவார்களாம், அவர் அதற்குள் வந்து காலடியால் அளந்து பார்த்துவிட்டும் போய்விட்டார். உங்கள் மனைவி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்வி. என் மனைவி மூன்று நாளாக என்னைத் திட்டவே இல்லை, நான் கேட்காமலே பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டேன். ஒப்பந்தப்படி கோடு யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே அந்த மூட்டை நானும் தொடமுடியாது, நீங்களும் தொடமுடியாது. நாளை வியாழன் காலை பத்து மணிக்கு நீங்கள் பெயின்டைக் கரைக்கும் தின்னரோடும் நான் கிரீஸோடும் ஒரே நேரத்தில் கை வைத்தால்தான் உண்டு.

இன்னொன்று. பெயின்ட் அடித்தது நீங்கள்தான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு பூச்சோடு நிறுத்தப்போன உங்களை, "சரியா தெரியலையே சகலை, இன்னொரு தடவை அடிங்க" என்று சொன்னவன் நான். உங்கள் பிரேக் கட்டைக்குள் கிரீஸும் நடந்து வரவில்லை. அதற்கு முந்தின வாரம் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நீங்கள் கை கழுவப் போன நேரத்தில், சக்கரம் கிறீச்சிடுகிறதே என்று நான்தான் நல்ல எண்ணத்தில் இரண்டு விரல் தடவினேன். பிரேக்குக்குள் கிரீஸ் படவே கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்தபோது சொல்ல வாய் வரவில்லை. தப்பு என்னுடையது சகலை. நான் செய்வதையெல்லாம் தப்பு என்று சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை நகரவே மாட்டேன் என்கிறது.

உறவில் நான் மூத்தவன், வயதில் நீங்கள் பதினொரு மாதம் மூத்தவர். ஆகவே பாதி ஆசீர்வாதமும் பாதி வணக்கமுமாக எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கோட்டுக்கு முன்பக்கத்துக்காரன்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்டதற்கு என் மனைவி இதை வாங்கிப் படித்துவிட்டு, பூச்சாடிக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். பிரேக் சான்றிதழ், நேற்றைய தேதி. நீங்கள் மதியம் தூங்கியபோது, நான் முழங்கால் வைத்தியரிடம் போனபோது, அக்காவும் தங்கையும் தின்னரும் பல் துலக்கும் பிரஷ்ஷும் (என்னுடையது) வைத்துப் பெயின்டைச் சுரண்டி, மூட்டுக்குக் கிரீஸ் போட்டு, தாங்களே ஓட்டிக்கொண்டு போய்த் தேறிவிட்டார்களாம். உங்கள் மனைவி டிரெய்லரை ஒரே தடவையில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாளாம், அது நம் இருவருக்கும் இன்றுவரை வந்ததில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசறவரைக்கும் சனிக்கிழமை காத்துக்கிட்டிருக்குமா?" என்று கேட்டாள். கோடு போய்விட்டது. ஒப்பந்தத்தின் இரண்டு பிரதியும் செடி வேரைச் சுற்றிக் கொடுக்கப் பயன்பட்டுவிட்டன. ஆகவே நீங்கள் வருவதற்கு மேலே நான் எழுதிய காரணம் எதுவும் இப்போது இல்லை. பத்து மணிக்கு வந்துவிடுங்கள்.