பகிர்வுக் கண்காணிப்பு அலுவலர்

கடவுள் மனிதனுக்குக் கையைக் கொடுத்தார், வாயையும் கொடுத்தார். எந்தக் கை எந்த வாய்க்குப் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். படைப்பின் தொடக்கத்திலிருந்தே இருந்துவந்த இந்தக் குறையை நீக்கிய பெருமை, மாதனூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ராட்டினமும் அலைக்குளமுமாக விளங்கும் 'ஆனந்தலோகம்' பொழுதுபோக்குப் பூங்காவையே சேரும்.

அங்கே நடந்த 'அகில உலக உணவு, பானத் திருவிழா'வின் முழக்கம் 'பகிர்வோம், மகிழ்வோம்'. விதியும் எளிமையானது. உணவுக்கென்று தனியாகக் கட்டணம் செலுத்தியவர் கையில் ஒரு மஞ்சள் வளையம் மாட்டப்படும். வளையக்காரர் எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டை நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் அதிலிருந்து இன்னொருவருக்கு ஒரு பருக்கைகூடத் தரக்கூடாது. ஒரு வளையத்தை வாங்கி ஊருக்கே சோறு போட்டுவிடுவார்கள் என்று நிர்வாகம் அஞ்சியது. நியாயமான அச்சம்தான். இந்தப் பக்கத்து ஜனங்கள் அப்படிப்பட்டவர்கள்.

ஆகவே, பகிர்வைக் கொண்டாடும் விழாவில் பகிர்வு எதுவும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரி தேவைப்பட்டார். ஜெயசீலன் அப்படித்தான் 'பகிர்வுக் கண்காணிப்பு அலுவலர்' ஆனான். பச்சைக் கோட்டு, கழுத்தில் விசில், இடுப்பில் வாக்கிடாக்கி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "இன்னைக்கு ஒரு பகிர்வுகூட நடக்கலேன்னா சாயங்காலம் ஆர்டர் உங்க கையில, மிஸ்டர் ஜெயசீலன்" என்று பொது மேலாளர் புகழேந்தி காலையில்தான் சொல்லியிருந்தார்.

ஜெயசீலன் ஒழுங்கானவன். ஆம்பூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதி ஜான்சனும் கிறிஸ்டினாவும் ஆளுக்குப் பாதியாக ஒரு குலாப்ஜாமுனைக் கடிக்க இருந்தபோது, சரியான நேரத்தில் விசில் ஊதி அவர்கள் இல்லறத்தைக் காப்பாற்றினான். ஜப்பான் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு தாய் தன் கைக்குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்ததைக் கண்டதும் திகைத்து, வாக்கிடாக்கியில் விளக்கம் கேட்டான்.

"கொழந்தை கையில வளையம் இருக்கா?" என்றார் புகழேந்தி.

"இல்ல சார்."

"அது வெளி உணவா, உள் உணவான்னு தலைமை அலுவலகத்துல கேக்கறேன். அதுவரைக்கும் நீங்க அந்தப் பக்கம் பாக்காதீங்க."

மதியம் வரை விழா அப்பழுக்கில்லாமல் நடந்தது. அண்டார்டிகாவின் சார்பில் ஓர் ஐஸ் கட்டி வைக்கப்பட்டிருந்தது. நன்னாரி சர்பத் ஒரு புதினா இலையைச் செருகிக்கொண்டு தென்னமெரிக்கப் பானமாகப் பதவி உயர்வு பெற்றிருந்தது. மக்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, அவரவர் தட்டை அவரவர் கையால் மறைத்துக்கொண்டு, நாகரிகமாகச் சாப்பிட்டார்கள்.

அப்போதுதான் ஷூ கம்பெனி பஸ் வந்து நின்றது.

தையல் பிரிவுப் பெண்களைக் கம்பெனி சுற்றுலா அனுப்பியிருந்தது. அதில் ஜெயசீலனின் அக்கா அமிர்தவள்ளியும் இருந்தாள். அவள் தைத்த ஷூக்களின் மேல்தான் ஜெயசீலனின் கேட்டரிங் படிப்பு நடந்துபோய்ச் சேர்ந்தது. தம்பியைப் பச்சைக் கோட்டில் பார்த்ததும் அவளுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. வேலை நேரம் என்பதால் அவன் தலையை மட்டும் அசைத்தான்.

அந்தப் பெண்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, எல்லா டப்பாக்களையும் நடுவில் கவிழ்த்துவிடுவார்கள். எது யார் வீட்டுச் சோறு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், அன்றைக்கு டப்பா கொண்டுவராதவள் யார் என்று தெரிந்துவிடும்.

ஆனந்தலோகத்திலும் கை தானாக அதையே செய்தது. காகிதத் தட்டுகள் எல்லாம் நடுவில் கவிழ்ந்த பிறகு ஜெயசீலன் கண்டது, புல்வெளியில் விரித்த விழா முழக்கப் பேனரின் மேல் ஒரு சோற்று மலையை. அதைச் சுற்றி ஒரே கைக்கூட்டம். அதில் ஒரு கையில் வளையம் இல்லை. அது கெங்கம்மாளின் கை. அவர் காண்டிராக்ட் ஆள். கம்பெனி அவருக்கு நுழைவுச்சீட்டு மட்டுமே வாங்கியிருந்தது.

ஜெயசீலன் விசில் ஊதினான். "இது விதிமீறல். அவங்கவங்க சாப்பாட்ட அவங்கவங்க எடுத்துக்கணும்."

"சரி தம்பி" என்றாள் அக்காவின் தோழி அஃப்ஸர் ஜஹான். "எது யாரோடதுன்னு நீயே பிரிச்சுக் குடு. எனக்குக் கத்திரிக்கா மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா வை."

அவன் குனிந்து பார்த்தான். பிரிக்க முடியாது என்று புரிந்தது. வாக்கிடாக்கியை எடுத்தான். "சார், பொதுக்குவியல்."

"எந்தெந்த நாடு?"

"மெக்சிகோ, இத்தாலி, வாணியம்பாடி எல்லாம் கலந்திருக்குது சார்."

"சீனா?"

"நூடுல்ஸ் தெரியுது சார்."

"வளையம் இல்லாத ஆள மொதல்ல வெளிய அனுப்புங்க. நான் வர்றேன்."

கெங்கம்மாளுக்கு அது கேட்டுவிட்டது. கையிலிருந்த கவளத்தைத் திரும்பக் குவியலிலேயே வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான் பஸ்ஸாண்ட போய் உக்காந்துக்கறேன். பாவம், புள்ளைக்கு வேலை போய்டப் போவுது."

அமிர்தவள்ளி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான்.

"காலைலேர்ந்து இன்னா சாப்ட்ட?" என்றாள்.

"ஸ்டாஃப் இங்க சாப்பிடக் கூடாதுக்கா."

"அதான் உதடு காஞ்சு கெடக்குது."

அவள் பிரியாணியில் ஒரு துண்டு கறியை வைத்து உருட்டி, உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினாள். பகிர்வுக் கண்காணிப்பு அலுவலர் ஒழுங்கானவன்தான். ஆனால் அவனுடைய வாய் அலுவலகத்தில் சேருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கையிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தது. அவன் குனிந்தான். வாய் தானாகத் திறந்தது. விழாவைப் படமெடுக்க வந்திருந்த புகைப்படக்காரர் ஒருவர், இப்படி ஒரு காட்சி காலையிலிருந்து கிடைக்காத ஏக்கத்தில், ஓடிவந்து அழுத்தினார்.

மென்றுகொண்டே ஜெயசீலன் பஸ் பக்கம் பார்த்தான். கெங்கம்மாள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். அவன் விசிலைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுவிட்டு ஓடினான். அவர் கையைப் பிடித்துத் திரும்ப அழைத்துவந்து உட்கார வைத்தான். அவர் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடக் கூடாதே என்று, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தள்ளிக் குந்துங்கடி" என்றாள் அஃப்ஸர் ஜஹான். "ஆபீசர் வந்திருக்கறாரு."

பொது மேலாளர் புகழேந்தி வந்து சேர்ந்தபோது பேனரில் மலை இல்லை, 'மகிழ்வோம்' என்ற எழுத்து மட்டும் எண்ணெய் மினுமினுப்போடு தெரிந்தது. சாயங்காலம் சொன்னபடி ஆர்டர் வந்தது. வேறு ஆர்டர். அதோடு, குற்றத்துக்கு ஆதாரமாக அந்தப் புகைப்படமும் இணைக்கப்பட்டிருந்தது.

இப்போது ஜெயசீலன் அக்காவின் கம்பெனியிலேயே பேக்கிங் பிரிவில் இருக்கிறான். சென்ற வாரம் கம்பெனி பஸ் நெடுஞ்சாலையில் போகும்போது, அஃப்ஸர் ஜஹான் அவன் தோளைத் தட்டி வெளியே காட்டினாள்.

"உன் மூஞ்சிய பாரு. ராட்டினம் அகலத்துக்குக் கீது."

அடுத்த திருவிழாவுக்கான விளம்பரப் பலகை. அமிர்தவள்ளியின் கை ஊட்டுகிறது, ஜெயசீலன் கண்ணை மூடி வாங்கிக்கொள்கிறான். மேலே, 'பகிர்வோம், மகிழ்வோம்'. பின்னால் கெங்கம்மாள் பஸ் பக்கம் நடந்துபோன ஓரத்தை மட்டும் கத்தரித்திருந்தார்கள்.

"பெரீம்மாவ வெட்டிட்டாங்களே" என்றான் ஜெயசீலன்.

"எனக்குத்தான் வளையம் இல்லியேப்பா" என்றார் கெங்கம்மாள், அதில் என்ன குறை என்பது போல.

நிர்வாகத்தின் நேர்மையை நாமும் குறை சொல்லக் கூடாது. பகிர்ந்தவனை வெளியே அனுப்பிவிட்டது, பசித்தவரைக் கத்தரித்துவிட்டது. பகிர்வை மட்டும் பத்திரமாகத் தனக்கென்று வைத்துக்கொண்டது. தன் விதிப்படியே, அதை யாருக்கும் கொடுக்கவில்லை.