பேசினுக்கு அடியில் நாகம்மா

மசால் வடைக்குக் கறிவேப்பிலை பறிக்கப் பின்பக்கம் போன தேவன் வெறுங்கையோடு ஓடி வந்தார். ஒரு காலில் சிலிப்பர் இல்லை.

"குமுதா! மரத்தடியில பாம்பு!"

"என்ன பாம்பு?"

"பேர் கேட்டுட்டு வரல லா!"

மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர் தேவன். வாலைக் காட்டினால் போதும், பாம்பின் பெயரைச் சொல்லிவிடுவேன் என்பார். இதுவரை யாரும் வாலைக் காட்டிச் சோதித்ததில்லை என்பதால் அந்தப் பெருமை பத்திரமாக இருந்தது. ஆனால் இன்று மரத்தடிப் பூந்தொட்டியைச் சுற்றிப் படுத்திருந்தது வேறு ரகம். ஆரஞ்சு உடம்பு, அதில் கறுப்புக் கரை போட்ட சிவப்புத் திட்டுகள். தீபாவளிப் புடவை மாதிரி மினுங்கியது.

குமுதா எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"போன வாரம் ராத்திரி பின்பக்கம் ஏதோ தொபுக்கடீர்னு விழுந்துச்சே. நீங்க லைட்டைப் போட்டுப் பாத்துட்டு, கோழி திருட வந்த மூசாங் பூனைன்னு சொன்னீங்களே. இதானோ?"

"பாம்பு எங்கயாச்சும் தொபுக்கடீர்னு விழுமா?"

"சாமி பாம்பா இருந்தா விழும்."

தேவன் மணியைப் பார்த்தார். அன்று சாயங்காலம் மகள் துளசியைப் பெண் பார்க்க சுங்கை சோவிலிருந்து வருகிறார்கள். வந்த வரனையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்த பெண், இந்தப் புனிதனின் ஃபோட்டோவைப் பார்த்த மாத்திரத்தில் தலையாட்டியிருந்தாள். "அப்பா செலெக்‌ஷன்" என்று தாமானில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார் தேவன். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா சின்னத்தாய் சகுனத்தில் புலி. முன்பு ஒரு வீட்டில் பல்லி தப்பான திசையில் கத்திவிட்டது என்று காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து வந்தவர். இங்கே பாம்பையே பார்த்தால் விடுவாரா? பெண்ணுக்கு நாகதோஷம் என்று காரைத் திருப்பிவிடுவார். அத்தோடு இந்த இடமும் போச்சு.

தேவன் மண்வெட்டியை எடுத்தார். குமுதா குறுக்கே வந்து நின்றாள்.

"நல்ல நாள் அதுவுமா நாகம்மாவ அடிப்பீங்களா?"

அதற்குள் பாதி பின்னிய சடையோடு துளசி ஓடி வந்தாள். பாம்பைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா! அத மட்டும் அடிச்சீங்க, நான் இன்னைக்கு ரூமை விட்டு வெளியவே வரமாட்டேன். சொல்லிட்டேன்!"

"பாத்தீங்களா, பிள்ளைக்கு என்ன பக்தி!" என்று குமுதா உருகினாள்.

சரி, முதலில் என்ன பாம்பென்று தெரிந்துகொள்வோம் என்று தேவன் அதை ஃபோட்டோ பிடித்து, தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். போடாமலே இருந்திருக்கலாம்.

"கண்ணாடி விரியன். மூச்சு விடாம அப்படியே நில்லுங்க" என்றார் ஒருவர். "சும்மா தண்ணிப் பாம்பு லா, கையாலயே தூக்கிப் போடலாம்" என்றார் இன்னொருவர். "கொம்பேறி மூக்கன். கடிச்சுட்டு, நம்மள எரிக்கிறாங்களான்னு மரத்து மேல ஏறிப் பாக்கும்" என்றது மூன்றாவது. தோட்டத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவர் குரல் பதிவே அனுப்பினார்: "காலம் பூரா தோட்டத்துல இருந்தேன். இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல. அதனால இது கடுமையான விஷம்."

தேவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பிறகு, வீட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாதே என்று, துணி துவைக்கிற பெரிய பேசினைக் கவிழ்த்துப் பாம்பை மூடினார்கள். மூடியது துளசி. தேவன் தூரத்திலிருந்து மேற்பார்வை பார்த்தார். பேசின் நகராமலிருக்க அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்தது மட்டும் அவர்தான்.

அப்பாடா என்று திரும்பினால், வாட்ஸ்அப் பார்த்த கூட்டம் வாசலில் நின்றது. முன்னால் பக்கத்து வீட்டுத் தாயம்மா, கையில் பால், முட்டை, கற்பூரத் தட்டு.

"ஏன் தம்பி, அம்மனே உன் வீடு தேடி வந்திருக்கா, நீ பேசினப் போட்டு மூடி வச்சிருக்கியே!"

"அக்கா, மெதுவா பேசுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரம்."

"வரட்டுமே! வந்து கும்பிட்டுட்டுப் போகட்டும்!"

பேசினுக்கு மஞ்சள் பூசியாயிற்று, குங்குமம் வைத்தாயிற்று, கற்பூரம் எரிந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் சத்தம். எதையாவது போட்டு மறைக்கலாம் என்ற பதற்றத்தில் தேவன் கதவில் தொங்கிய பூச்சரத்தை அறுத்து வந்து பேசின் மேல் போட்டார். மஞ்சள், குழவி, பூச்சரம் எல்லாம் சேர்ந்து அது இப்போது முழுக் கோயிலாகிவிட்டது.

காரை ஓட்டி வந்தவன் மாப்பிள்ளையின் கூட்டாளி சைஃபுதீன். தெருவெல்லாம் மோட்டார் சைக்கிள் நின்றதால் அம்மாவையும் பிள்ளையையும் இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போனான். சின்னத்தாய் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்து மோந்து பார்த்தார்.

"கற்பூர வாசம் வருதே. பூசையா சம்பந்தி?"

"ஆமாங்க... அது வந்து... குலதெய்வம்."

"நல்ல சகுனம்! மொதல்ல சாமி, அப்புறம்தான் பொண்ணு" என்று அவர் நேராகப் பின்பக்கம் நடந்தார். தேவன் குறுக்கே போவதற்குள் தாயம்மா, "வாங்கம்மா, கண்குளிரப் பாத்துக்குங்க!" என்று குழவியை உருட்டிவிட்டு பேசினைத் தூக்கிவிட்டார்.

பாம்பு தலையை நீட்டியது. கூட்டம் வாழைமரம் வரைக்கும் பின்வாங்கியது. அதுவோ யாரையும் சட்டை செய்யாமல், நேராகப் புனிதனிடம் ஊர்ந்து போய், காலில் ஏறி, இடுப்பைச் சுற்றி, அவன் உள்ளங்கையில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. புனிதன் அதன் தலையை மெல்லத் தடவினான். பாவம், பயத்தில் தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிறான் என்று தேவன் நினைத்தார். எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மனே மாப்பிள்ளை கையில ஏறிட்டா!" என்று தாயம்மா குலவையிட்டார்.

தேவன் கண்ணைத் திறந்தபோது சின்னத்தாய் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றார்.

"இப்படி ஒரு சகுனத்த நான் கண்டதே இல்ல. சம்பந்தி, உங்க பொண்ணுதான் எங்க வீட்டு மருமக. சாமியே கைகாட்டிடுச்சு!"

தேவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பா செலெக்‌ஷன்" என்று பெருமையோடு மகளைப் பார்த்தார். துளசி தரையைப் பார்த்தாள். புனிதனும் தரையைப் பார்த்தான்.

அப்போதுதான் காரை எங்கோ நிறுத்திவிட்டு, பழத்தட்டோடு வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான் சைஃபுதீன். கூட்டாளியின் கையைப் பார்த்ததும் அவனுக்கு முகமெல்லாம் பல்.

"டேய் புனிதா, கெடைச்சிருச்சா! நான்தான் சொன்னேன்ல, துளசிக்குக் காட்டுறேன்னு நீ வளக்குற பாம்பப் பையில போட்டு எடுத்துட்டு வந்து, அவங்க அப்பா லைட்டப் போட்டதும் வேலி ஏறிக் குதிச்சியே, அப்பத்தான் விழுந்திருக்கும்னு!"