சிங்கப்பூர் ஒரு பகல் தூரம்

விமான இரைச்சல் தலைக்கு மேலே கடக்கும்போதெல்லாம் எனக்குப் பிள்ளை பெற்ற வீட்டின் மணம் வருகிறது. மிளகும் மல்லியும் மஞ்சளும் வறுபட்ட சரக்கின் மணம். மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் குனிந்துகொள்வேன்.

முப்பதுகளின் கடைசி. சிங்கப்பூரில் கிளாக்கர் வேலை பார்த்த நான், லீவில் சொந்த ஊரான கரம்பொன்னுக்கு வந்து, அங்கிருந்து வள்ளமேறி நெடுந்தீவுக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணை எனக்குப் பிடித்தது. பெண்ணின் தாய்க்குத் தூரம் பிடிக்கவில்லை.

"முதல் பிள்ளைப்பேறு தாய் வீட்டிலைதான். அதுக்கு ஏலுமெண்டால் மேல் கதையைக் கதைப்பம்" என்றார், கதவுக்கு அப்பால் நின்று.

நான் தேசப்படத்தை விரித்தேன். (பெண் பார்க்கப் போகிறவன் தேசப்படத்தோடு போவானா? நான் போனேன்.) வேட்டிக் கரையில் ஒரு நூலை உருவி, சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு இழுத்துப் பிடித்து, விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஒரு பகல் என்று தீர்ப்புச் சொன்னேன். நாளைக்கே விமானம் உங்கள் மாடு மேயும் வெளியிலும் வந்து இறங்கும் என்று கொசுறாக ஒன்றும் சேர்த்தேன்.

"மாடு மிரளாதோ?" என்று மட்டும் கேட்டார் பெண்ணின் தகப்பன்.

கல்யாணம் நடந்தது. செல்லம்மா சிங்கப்பூரில் கருவுற்றாள். ஏழாம் மாதமே கூட்டிவரும்படி மாமி கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். ஒரு பகல் தூரத்துக்கு என்ன அவசரம் என்று நான் இருந்துவிட்டேன். எட்டாம் மாதம் நடக்கையில் டிக்கெட் எடுக்க விமானக் கந்தோருக்குப் போனேன். அங்கே தெரிந்தது, விமானம் என் நூலின் வழியே போவதில்லை என்று. அது ரங்கூன், கல்கத்தா என்று வடக்கே வளைந்து போனது. கொழும்புப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

பிறகென்ன, கப்பல். ரயில். மோட்டார் லோஞ்ச். ஊர்காவற்றுறையில் வந்து இறங்கினால் சோளகக் காற்றுப் பிடித்துவிட்டது. கடல் நுரைத்துப் புரண்டது. நெடுந்தீவுக்கு வள்ளம் விட ஒருவரும் இணங்கவில்லை. ஒரு பகல் ஒரு மாதமாகி, கடைசித் துண்டுக் கடலில் வந்து நின்றது. கரம்பொன்னில் என் தாயின் வீட்டில் காற்றுக்குக் காத்திருந்தோம்.

"காற்றையும் வகுத்துப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள் செல்லம்மா. அன்று மாலையே வலி கண்டது. எங்கள் மகள் அங்கேயே, மாப்பிள்ளை வீட்டிலேயே, பிறந்தாள்.

காற்றுத் தணிந்ததும் முதல் வள்ளத்தில் மாமி வந்தார், மடியில் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குப் பொட்டலத்தோடு. பேத்தியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். பிறகு குசினிக்குள் போய்ச் சரக்கை வறுத்தார். என்னோடு ஒரு சொல் பேசவில்லை. அம்மாவோடும் கோழியோடும் பேசினார்.

மகளுக்குக் கமலாம்பிகை என்று பெயர் வைத்தோம். தீவுப்பகுதி முழுக்க அவள் ஏரோப்பிளேன் கமலம். அவளுடைய கல்யாண வீட்டிலும் அதைச் சொல்லித்தான் சிரித்தார்கள்.

நாங்கள் திரும்பிய அன்று மாமி துறைமுகம் வரை வந்தார். லோஞ்ச் கயிற்றை அவிழ்த்தார்கள். அப்போதுதான் என்னைப் பார்த்து வாய் திறந்தார்:

"தம்பி, அடுத்த பிள்ளைக்கெண்டால், அங்கை போய் இறங்கின உடனை திரும்பி வெளிக்கிடுங்கோ."