எங்கள் ஃபேமிலியில் ஒரு நாற்காலி

“ரஃபியாக்காவுக்கு உட்கார ஒரு நாற்காலி வேணும் சார்.”

திண்டுக்கல்லின் மூன்று மாடி ஜவுளிக்கடையில் நான் வைத்த கோரிக்கை இது. எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்காதே என்று முதல் நாளே சொல்லிவைத்தவர் ரஃபியாக்காதான். பட்டுப் பிரிவில் பதினோரு வருடமாக நிற்கிறார். கெண்டைக்கால் நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்டுவிட்டது.

முதலாளி பாண்டியராஜ் நெஞ்சில் கை வைத்தார். “ஏத்தா தீபா, நாமெல்லாம் ஒரே ஃபேமிலி. ஃபேமிலிக்குள்ள சேர் கேப்பாகளா?”

ஆங்கில மொழி மானுடத்துக்கு அளித்த மாபெரும் கொடை ‘ஃபேமிலி’. செம்பட்டியில் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். மூன்று வருடம் பி.காம். படித்தும் இந்தச் சொல்லின் ஆழம் புரியவில்லை. கடைதான் கற்பித்தது. ஆண் தனியாக வந்தால் “ஃபேமிலி வரலையா சார்?” என்போம், அது மனைவி. நான்கு பனியனை ஒன்றாகக் கட்டினால் ‘ஃபேமிலி பேக்’. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாதது ‘ஃபேமிலி மேட்டர்’, வெளியே பேசக்கூடாது. முதலாளி மகளின் கல்யாணம் ‘ஃபேமிலி ஃபங்ஷன்’. எங்களையும் அழைத்தார்கள், பரிமாற.

என் கோரிக்கையை நிர்வாகம் ‘ஆழ்ந்து பரிசீலித்து’, ‘ஃபேமிலி டே’ ஒன்றை அறிவித்தது. விடுமுறை நாளில், கல்யாண மண்டபத்தில். வருகை கட்டாயம்.

மேனேஜர் சோலைமலை மைக்கில் முழங்கினார்: “அடுத்து, லேடீஸ் ஸ்டாஃபுக்கு மியூசிக்கல் சேர்!”

நாங்கள் இருபத்தொரு பேர். வாடகைக்கு எடுத்த இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாக வந்து இறங்கின. எங்களுக்கென்று நிர்வாகம் போட்ட முதல் நாற்காலிகள். சிலர் தொட்டுப் பார்த்தார்கள்.

பாட்டு ஓடியது, ஓடினோம். நின்றது, இருபது பேர் உட்கார்ந்தார்கள். நான் அவுட். ஒரு தாளும் பேனாவுமாக அவர்களைச் சுற்றி வந்தேன். ஸ்கோர் எழுதுகிறேன் என்று நினைத்து மேனேஜர் பாராட்டினார்.

மறுபடி பாட்டு. ஒருவரும் எழவில்லை.

“ஏம்மா, எந்திரிங்க! ரெண்டாவது ரவுண்டு!”

“செத்த நேரம் இருங்கண்ணே,” என்றார் ரஃபியாக்கா, கண்ணைத் திறக்காமல். “இப்பத்தான் காலு கால் மாதிரி இருக்கு.”

மூன்று பாட்டு முடிந்தது. மேனேஜர் அழாத குறை. “சார், அம்புட்டுப் பேரும் ஒட்டிக்கிட்டாளுக!”

முதலாளியே மேடையிலிருந்து இறங்கி வந்தார். “சேர்க்காரன் ஆறு மணிக்கு வந்துருவான்த்தா.”

“வரட்டும் சார். அவரு நம்ம ஃபேமிலி இல்லைல்ல. கேட்டா குடுப்பாரு,” என்றேன்.

மறுநாள் ரஃபியாக்காவுக்கு ‘பதவி உயர்வு’: மூன்றாம் மாடி, குழந்தைகள் பிரிவு. லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். ‘ஒழுங்கு கருதி’ மியூசிக்கல் சேர் நிரந்தரமாக ரத்து.

நான் அடையாள அட்டையைக் கழற்றி முதலாளியின் மேசையில் வைத்தேன்.

“ஃபேமிலிய விட்டுட்டு எங்கத்தா போற?”

“லேபர் ஆபீசுக்கு. கடையில நிக்கிறவுகளுக்குச் சேர் போடணும்னு சட்டம் இருக்கு சார்.”

“அது கடைக்குத்தா! நமக்கு எதுக்கு?”

படியிறங்கினேன். என் கைப்பையில் இருந்தது முந்தின நாள் மண்டபத்தில் நான் எடுத்துக்கொண்டு சுற்றிய அதே தாள். இருபது கையெழுத்து, இருபதும் உட்கார்ந்தபடியே போட்டவை. ‘புகார் யார்மீது’ என்ற இடத்தில் முதலாளியின் பெயரை எழுதி, பக்கத்தில் மரியாதையாகச் சேர்த்திருந்தேன்: ‘குடும்பத் தலைவர்’.